செசிலி வரைந்த எட்டுப் பக்கங்கள்

அன்று மேடையில் மைக் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். என் பெயர் யசோதினி. பதுளையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். கணீரென்று பேசுவேன் என்பதால் புத்தக வெளியீடு, பரிசளிப்பு என்றால் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த விழாவில் நடந்ததைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. செசிலியிடமும், அச்சகம் வைத்திருக்கிற ஜஸீலிடமும் பிறகு விசாரித்து நான் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

செசிலிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகிற வழியில் ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயம்மாவாக இருந்தாள். தாய்மார் காலையில் பெரட்டில் பேர் பதிந்து வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு, பின்னேரம் கொழுந்து நிறுத்த கையோடு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். புருஷன் ஜூட் கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவள். சித்திரத்துக்கு மட்டும் நல்ல புள்ளி எடுத்தவள்.

ஐப்பசியில் மழை பிடித்தால் அந்தப் பக்கம் தை வரைக்கும் விடாது. கொழுந்தெடுப்பது மழைக்காக நிற்காது, ஆனால் பிள்ளைகளை வெளியில் விட முடியாது. வாசலை மூடாவிட்டால் சாரல் அடிக்கும், அட்டை ஏறி வரும். ஒரே அறை. இருபத்து மூன்று பிள்ளைகள். தலைக்கு மேலே தகரம் அதிர்கிற சத்தம். ஒன்று அழுதால் எல்லாம் அழும். ஒன்றையொன்று கடித்து வைக்கும். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் கடைகளில் கொப்பி வாங்கவே வழியில்லாமல் போன சமயம், செசிலி தோட்டத்து ஆபீசில் ஒரு பக்கம் அச்சடித்து வீணாய்ப் போன படிவங்களைக் கேட்டு வாங்கி வந்தாள். அவற்றின் வெற்றுப் பக்கத்தில் கறுப்புப் பேனையால் படம் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். அறை அடங்கிவிட்டது. பெஸ்டல் கட்டிகளில் முதலில் தீர்ந்தது பச்சை. ஜன்னலுக்கு வெளியில் தெரிகிறதெல்லாம் பச்சைதானே, எதைக் கண்டாலும் பிள்ளைகள் பச்சையை எடுத்தார்கள். பிறகு அவள் பச்சை தேவைப்படாத படங்களாகப் பார்த்துப் போட ஆரம்பித்தாள். சிவப்பு பஸ், கோழி, லயத்து வீட்டுக் கூரைத் தகரங்கள், நத்தார் பாலன்குடில், ஒரு காது மடங்கிய மணி என்கிற நாய். எந்தத் தாளாக இருந்தாலும் பின்னால் திகதி போட்டு 'செசிலி' என்று எழுதிவிடுவாள். அது ஒரு பழக்கம்.

அப்படி ஒரு மழை நாளில்தான் ரமணன் வந்தான். பதுளைக் கடை வீதியில் புடவைக் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை. தோட்டங்களில் சிறுவர் திட்டம் நடத்துகிற ஒரு தொண்டு நிறுவனத்தில் இணைப்பாளர். நன்றாகப் பேசுவான், சிரித்த முகம். தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"இதெல்லாம் யாரு போட்டதுக்கா?"

"நான்தாங்க சார். மழைக்குப் புள்ளைங்க சும்மா இருக்காதுங்க."

"பிரமாதம். எங்க ஆபீஸ்ல காட்டிட்டுக் கொண்டாந்து தாறேன்."

முப்பத்திரண்டு படங்களை ஒரு பைலில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். ஒன்றும் திரும்பி வரவில்லை. எட்டு மாதம் கழித்து லொறியில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே வர்ணம் தீட்டும் புத்தகங்கள். பளபளவென்று அட்டை. அட்டையைப் பார்த்ததும் கேஷானி என்கிற நாலு வயதுப் பிள்ளை கத்தியது: "ஆயம்மா, நம்ம மணி!" காது மடங்கிய நாய்தான். அதற்குக் கீழே 'படங்களும் ஆக்கமும்: ரமணன்' என்று போட்டிருந்தது.

செசிலி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். முப்பத்திரண்டும் இருந்தன. பஸ்ஸின் பின் சக்கரம் கோணலாக வந்திருந்ததைக்கூட மாற்றாமல் அப்படியே போட்டிருந்தான்.

அன்றே போன் எடுத்தாள். அவன் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினான். "அக்கா, நீங்க நாலு கோடு போட்டீங்க. அதப் புத்தகமாக்கினது நாங்க. நிறுவனத்துல வெளியில உள்ளவங்க பேர் போட முடியாது." இரண்டு நாள் கழித்துத் தோட்டத்து நலன்புரி அதிகாரி அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டு, "கொடுக்கிற ஆளுங்களோட சண்டை புடிச்சா நாளைக்கு நம்ம புள்ளைங்களுக்கு ஒண்ணும் வராது. வேலை வேணும்னா வேலையப் பாரு" என்றார். ரமணன் முந்திக்கொண்டு பேசியிருக்கிறான்.

அத்தோடு விட்டிருந்தால் செசிலியும் விட்டிருப்பாளோ என்னவோ. அவன் விடவில்லை. அடுத்த மாதம் பதுளையில் ஒரு பயிற்சிப் பட்டறை வைத்தான். மழைக்காலத்தில் பிள்ளைகளை எப்படி மகிழ்ச்சியாக வைத்திருப்பது என்று ஆயம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பட்டறை. கட்டாயம் போக வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். இருபத்தாறு பெண்கள். ஒவ்வொருவருக்கும் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து வர்ணம் தீட்டச் சொன்னார்கள். செசிலிக்குக் கிடைத்தது அவள் வரைந்த பஸ். சிவப்பை எடுத்து அடித்துக்கொண்டிருந்தாள். ரமணன் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று குனிந்தான்.

"கோட்டுக்கு வெளியில போகாம அடிங்க அக்கா. புள்ளைங்களுக்கு நாமதான் முன்மாதிரி."

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். பின்னேரம் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தான். அவள் கையிலும் ஒன்றைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டான்.

"அந்தப் படத்த போட்டது நான்னு அவனுக்குத் தெரியும் டீச்சர். எனக்குத் தெரியும்னும் அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னான்" என்று செசிலி என்னிடம் சொன்னாள். இதை எத்தனை தடவை சொன்னாலும் ஒரு வார்த்தை மாறாமல் சொல்வாள். சான்றிதழை அவள் கிழிக்கவில்லை. பிள்ளைக்காம்பராவில் பால்மா வைக்கிற அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தாள். தினமும் காலையில் கதவைத் திறக்கும்போது கண்ணில் படவேண்டும், மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தாள். அடுத்த வருஷத்து ஐப்பசி மழையில் ரமணன் மறுபடியும் வந்தான், சிரித்த முகத்தோடு. முதல் புத்தகத்துக்கு நல்ல பெயராம். கொழும்புத் தலைமையகத்தில் இரண்டாவது புத்தகம் கேட்கிறார்களாம். அவனுக்குக் கோடு போட வராது. கையில் கொழும்புக் கடையில் வாங்கிய ஒரு புத்தகத்தை மாதிரிக்குக் கொண்டுவந்திருந்தான். பக்கம் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களும் வளைவுகளும். சிலவற்றுக்குள் மட்டும் ஒரு புள்ளி இருக்கும். புள்ளி உள்ள இடங்களுக்கு ஒரே நிறத்தை அடித்தால் மறைந்திருக்கிற உருவம் தெரியும்.

"இந்த மாதிரி எட்டுப் பக்கம் போதும்க்கா. இந்தத் தடவை உங்க பேரப் போடவும் பேசிப் பார்க்கிறேன்."

"பேரெல்லாம் எதுக்கு சார். போட்டுத் தாறேன்" என்றாள் செசிலி. குடிக்கத் தேத்தண்ணியும் கொடுத்தாள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் தூங்குகிற ஒன்றரை மணி நேரம்தான் அவளுக்குக் கிடைக்கும். முதல் நாள் ஒரு தாளில் 'செ' என்ற எழுத்தை மறைத்துப் பார்த்தாள். தன் பெயரையே வைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். பிறகு யோசித்தாள். தன் பெயர் வந்தால் அவன் என்ன செய்வான்? 'இது செசிலி அக்காவுக்கு நாங்கள் வைத்திருந்த இன்ப அதிர்ச்சி' என்று மைக்கில் சொல்லிக் கைதட்டையும் தானே வாங்கிக்கொள்வான். அந்தத் தாளை அடுப்பில் போட்டாள். வேறு தாள் எடுத்து 'ர' போட்டாள்.

ர, ம, ண, ன். அது நாலு பக்கம். தி, ரு, ட, ன். அது நாலு பக்கம். எட்டும் சரியாக வந்தது. எழுத்து வெறும் கண்ணுக்குத் தெரியாமலிருக்க ஒவ்வொன்றையும் தேயிலைச் செடிக்குள், கோழிச் சிறகுக்குள், பஸ்ஸின் கண்ணாடித் துண்டுகளுக்குள் உடைத்து உடைத்து வைத்தாள். ஆறு கிழமை பிடித்தது. அந்த ஆறு கிழமையும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனாள், ஆனால் நற்கருணை வாங்க எழுந்து போகவில்லை. மன்னிக்கிற எண்ணம் மனதில் கொஞ்சமும் இல்லாமல் போய் அப்பத்துக்கு நாக்கை நீட்ட முடியாது என்றாள்.

எட்டுத் தாளையும் வாங்கிக்கொண்ட ரமணன் முதல் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல என்னக்கா தெரியும்? பூவா, பறவையா?"

"உங்க பேருங்க சார்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒரு பக்கத்துக்கு ஒரு எழுத்து. முதல் நாலுல ரமணன். மத்த நாலுல கலைஞன். வரிசையா வச்சா 'ரமணன் கலைஞன்'னு வரும். புள்ளைங்க தாங்களா கண்டுபிடிச்சு வாசிக்கட்டும்னு செஞ்சேன்."

அவன் முகம் மலர்ந்து போனதாம். பொய்க்கு, "ஐயோ, இதெல்லாம் எதுக்குக்கா" என்றானாம். அங்கேயே ஒரு பெஸ்டல் கட்டியை எடுத்து முதல் பக்கத்தில் புள்ளி உள்ள நாலைந்து கட்டங்களை அடித்தான். ரகரத்தின் வடிவம் தெரிய ஆரம்பித்ததும் சிரித்துக்கொண்டே கட்டியை வைத்துவிட்டான். மிச்சத்தை அடித்துப் பார்க்கிற பொறுமை அவனுக்கு இல்லை. ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தைக்கூட அவன் முழுதாகத் தீட்டியதில்லை என்பது செசிலிக்குத் தெரியும்.

அச்சுக்குப் போன நாலாம் நாள் செசிலிக்குப் போன் வந்தது. ஏதாவது தெளிவில்லை என்றால் வரைந்தவளையே கேட்கும்படி சொல்லி ரமணன்தான் நம்பரைக் கொடுத்திருக்கிறான்.

"பதுளை அச்சகத்துல இருந்து ஜஸீல் பேசுறேன். கழிவுத் தாள வீட்டுக்குக் கொண்டு போனேன். என் மக பஸ்லியா அதெல்லாத்துக்கும் கலர் அடிச்சு, சுவத்துல வரிசையா ஒட்டி வச்சிருக்கா."

தொட்டிலில் ஒரு குழந்தை அழுதது. செசிலி அசையவில்லை.

"சார்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"முதல் புத்தகம் வந்தப்போ ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலயும் 'செசிலி'ன்னு இருந்திச்சு. யார் இதுன்னு கேட்டேன். ஆபீஸ்ல பைல் அடுக்குற புள்ளன்னு சொன்னாரு." பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "சரி பார்த்தாச்சு, அடிக்கலாம்னு அவரே கையெழுத்துப் போட்டுத் தந்திருக்காரு. கையில தந்தத அடிக்கிறதுதான் என்ட வேலை. வைக்கிறேன்."

டிசம்பர் இரண்டாம் கிழமை, பதுளையில் ஒரு மண்டபத்தில் விழா. வெளியில் கொட்டு கொட்டென்று மழை. கொழும்பிலிருந்து நிறுவனத்துப் பணிப்பாளர் அம்மா வந்திருந்தார். தோட்டங்களிலிருந்து பிள்ளைகளும் தாய்மாரும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். ஆயம்மாக்களுக்குப் பின் வரிசை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கிற பொறுப்பும் அவர்களுக்குத்தான். செசிலி தட்டோடு எனக்குப் பக்கத்தில் ஒரு தடவை வந்தாள். நான் அவளைக் கவனிக்கவில்லை.

எல்லாம் ரமணனின் ஏற்பாடு. மேடையில் எட்டுச் சின்ன மேசைகள், எட்டுப் பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு சிவப்புக் கட்டி. பேச்சுகள் முடிவதற்குள் அவர்கள் தீட்டி முடிக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவராகத் தாளைத் தூக்கிக் காட்டக் காட்ட, சபை எழுத்தை வாசிக்க வேண்டும். என் கையில் ஒரு துண்டுத் தாள் கொடுத்திருந்தான். 'ரமணன் கலைஞன்' என்று அவனே எழுதியிருந்தான். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் நான் அறிவிப்பாளர், சொன்னதைச் செய்ய வந்தவள். எட்டாவது மேசையில் அவன் மகள் கம்சலா. ஆறு வயது, மஞ்சள் சட்டை. கடைசி எழுத்தைத் தன் மகள் காட்டவேண்டும் என்று அவன் ஆசைப்பட்டிருந்தான்.

பேச்சுகள் முடிந்தன. முதல் பிள்ளை தூக்கியது. கீழே இருந்த பிள்ளைகள் "ர!" என்று கத்தினார்கள். ம. ண. ன். மண்டபம் முழுக்கக் கைதட்டல். ரமணன் எழுந்து கும்பிட்டான். நான் துண்டைப் பார்த்து, "அடுத்து, பிள்ளைகளே, க…" என்றேன்.

"இல்ல டீச்சர், தி!"

தாளைப் பார்த்தேன். தி தான். பிள்ளை தவறாகத் தீட்டிவிட்டது என்று நினைத்தேன். அதற்குள் ஆறாவது பிள்ளை தூக்கிவிட்டது. "ரு!" என்றார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. ஏழாவது பிள்ளையிடம் ஓடலாமா என்று நினைப்பதற்குள் "ட!" என்று சத்தம் வந்தது. கம்சலா ரொம்பச் சந்தோஷமாகத் தன் தாளைத் தலைக்கு மேலே தூக்கினாள். "ன்!" என்று யாரும் கத்தவில்லை. கீழே தாய்மார் பிள்ளைகளின் வாயைப் பொத்தியிருந்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும் வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்து, எட்டி எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தது. வாசித்து முடித்ததும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது.

ரமணன் மேடைக்குப் பாய்ந்து வந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான்.

"இது அவ வேலை! அந்தத் தோட்டத்து செசிலிட வேலை! அவதான் இந்தப் படமெல்லாம் போட்டா. பொய் சொல்லிக் கொடுத்திருக்கா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. மைக் அவன் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. முன் வரிசையில் பணிப்பாளர் அம்மா கையில் வைத்திருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "அப்போ இது நீங்க போட்டது இல்லையா?" என்றார்.

பின் வரிசையில் செசிலி தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "முதல் புத்தகமும் நான் போட்டதுதாங்க" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த நிமிஷத்தைப் பற்றி அவளிடம் கேட்டிருக்கிறேன். பயமாக இருந்ததா என்று. "பயமா? அவன் மொகம் செவந்து, வெளுத்து, வேர்த்தத நான் ஒண்ணொண்ணாப் பாத்தேன் டீச்சர். ஒரு வருஷமா அதத்தானே வரைஞ்சுகிட்டு இருந்தேன். கோட்டுக்கு வெளியில கொஞ்சமும் போகல" என்றாள்.

ரமணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். குடும்பத்துப் புடவைக் கடைக்கே போய்விட்டான். செசிலியும் தப்பவில்லை. பிள்ளைக்காம்பராவிலிருந்து எடுத்துக் கொழுந்து மலைக்கு அனுப்பினார்கள். நிறுவனத்திலிருந்து பதினொரு தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த வர்ணக் கட்டிப் பெட்டிகளும் நின்றன. "நீ பழிவாங்கப் போய் எங்க புள்ளைங்களுக்கு வந்ததும் போச்சே" என்று சில தாய்மார் அவள் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். ஜூட் போனில், "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்றான். "முதல்ல வாயத் தொறந்தது அவன்தானே" என்றாள் செசிலி.

முதல் புத்தகத்தை அவள் பெயரில் மறுபடியும் அச்சடிக்கலாம் என்று நிறுவனத்திலிருந்து ஆள் வந்தது. முன்பக்கத்தில் இதை ரமணன் திருடினான் என்று ஒரு வரி போட்டால் சம்மதம் என்றாள். அப்படிப் போட முடியாது என்றார்கள். அப்படியென்றால் வேண்டாம் என்றாள். நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. புத்தகம் வரவேயில்லை.

மாசியில் ஒரு நாள் ரமணனே அவள் லயத்துக்குப் போயிருக்கிறான். இஸ்தோப்புத் திண்ணையில் குடையை மடக்கிக்கொண்டு நின்றானாம். ஆள் மெலிந்து போயிருந்தானாம்.

"அக்கா, கம்சலாவப் பள்ளிக்கூடத்துல அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க. போக மாட்டேங்குது. எல்லாம் தப்பாப் புரிஞ்சுகிட்டதுன்னு ஒரு கடிதம் கொடுத்தா போதும்."

"நான் எழுதினது பொய்யா சார்?"

அவன் குடையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தான்.

"பொய்யின்னு சொல்லுங்க. இப்பவே கடிதம் தாறேன்."

அவன் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டான். செசிலி கதவைச் சாத்திவிட்டுச் சமைக்கப் போனாளாம்.

போன வாரம் பசறை பஸ் நிலையத்தில் அவளைச் சந்தித்தேன். மலையில் வேலை செய்து கறுத்திருந்தாள். கைவிரல்களில் கொழுந்துக் கறை. மற்றவர்கள் கேட்கத் தயங்குகிற ஒன்றை அன்று கேட்டுவிட்டேன்: அந்தப் பிள்ளையை நினைத்தால் ஒன்றும் தோன்றவில்லையா?

செசிலி பையில் வைத்திருந்த ரொட்டிப் பொட்டலத்தைச் சரிசெய்தாள்.

"கடைசிப் பக்கம் அந்தப் புள்ள கையில போகும்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சிருந்தாலும் போட்டிருப்பேன்." லுணுகலை பஸ் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா தேத்தண்ணி கொண்டு வந்தப்போ உங்க காதுல ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். எட்டாவது மேசைக்கு வேற புள்ளைய உக்கார வைங்கன்னு."

பஸ் நின்றது. சனம் நெருக்கியது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் முண்டிக்கொண்டு ஏறி, ஜன்னலோரத்தில் இடம் பிடித்துவிட்டாள்.